குண்டுக்கும் பவுடர் பூசுவார்கள், தெரியுமா?

போட்டி ரைஃபிள் ஒன்றின் குழல் தன் ஆயுள் முழுக்க எவ்வளவு நேரம் வேலை செய்யும், சொல்லுங்கள் பார்க்கலாம்! பத்து வருடமா? ஐந்து வருடமா? ஏழு நொடி! ஆமாம், ஏழே ஏழு நொடி!

நம்ப முடியவில்லையா? விசையை இழுத்த பிறகு குண்டு குழலைக் கடந்து வெளியே வர ஆகும் நேரம், ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றோ ஒன்றரையோ கூறுதான். .308 ரக ரைஃபிளில் ஏறக்குறைய 5,000 தோட்டா சுடுவதற்குள் குழலின் உட்புறம் அரித்துப்போய், நெடுந்தூரப் போட்டிக்குத் தேறாத நிலை வந்துவிடும். பெருக்கிப் பாருங்கள். ஏழு நொடியில் எல்லாம் முடிந்தது!

அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் உள்ளே நடப்பது என்ன தெரியுமா? நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட 4,000 மடங்கு அழுத்தம்! 2,500 டிகிரி செல்சியஸில் சீறும் வாயு! ஒன்றேகால் பவுன் எடையுள்ள குண்டு, நின்ற இடத்திலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்துக்கு எகிறுகிறது! கூடவே சுழல்கிறது. எவ்வளவு? நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று!

இத்தனை ரகளைக்கு நடுவிலும் முதல் குண்டும் நூறாவது குண்டும் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும். நெடுந்தூரக் குறிபார்த்தலின் உயிர்நாடியே அதுதான். வேகம் பெரிதல்ல, ஒரே சீரான வேகம்தான் பெரிது! அதற்காகக் குண்டின் மேல் பூசப்படும் பூச்சுகளின் கதை எங்கெல்லாம் போகிறது தெரியுமா? 1857 சிப்பாய்ப் புரட்சி, வியாழன் கிரகம், அரூர் பாறை, அரவங்காடு தொழிற்சாலை, பெண்களின் ஒப்பனைப் பெட்டி!

ஒன்பது மைதானம் தள்ளி

பெங்களூரு ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு நந்தன் கால்பந்து மைதானத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் சுமார் 100 மீட்டர். அப்படி ஒன்பது மைதானங்களை நீளவாக்கில் அடுக்கினால் வரும் தூரம்தான் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர். உலகின் பெரிய நெடுந்தூரப் போட்டிகள் அந்தத் தூரத்தில்தான் நடக்கின்றன!

அமெரிக்க முறை எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில் அவ்வளவு தள்ளி வைத்த இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் எவ்வளவு தெரியுமா? 10 அங்குலம்! அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் வெறும் 5 அங்குலம்!

குண்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 9 மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். மூன்று மாடி உயரம்!

இப்போது கேளுங்கள். ஒரு குண்டு மற்றொன்றைவிட நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் என்ன ஆகும்? 850-ல் 10 என்பது ஒரு சதவீதத்தைவிடக் கொஞ்சம்தானே அதிகம், போகட்டும் என்று தோன்றுகிறதா? இலக்கில் கால் மீட்டர் கீழே போய் விழும்! பத்து வட்டத்துக்கே வெளியே! காற்று அசையவில்லை, கை நடுங்கவில்லை, குறியும் தப்பவில்லை. ஆனாலும் புள்ளி போச்சு!

சமையலறை மேடைமேல் ஒரு ரசவாதம்

குண்டின் மேல் பூச்சு ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதலில் குண்டுகளை அசிட்டோனில் போட்டு அலசுவார்கள். தொழிற்சாலை எண்ணெய், கைரேகைப் பிசுக்கு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் குண்டுகள், பொடிப்பொடியான எஃகு உருண்டைகள், ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. டப்பாவை மூடி, உருளும் இயந்திரத்தில் வைத்தால் மணிக்கணக்கில் கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். எஃகு உருண்டைகள் அடிக்கும் ஒவ்வொரு அடியும் பொடியைச் செம்பு உறைக்குள் அறைந்து ஏற்றுகிறது. ஒட்டு இல்லை, பசை இல்லை, சூடு இல்லை. அடியில்தான் எல்லாம்!

திறந்து பார்த்தால் செம்பு நிறத்தைக் காணோம்! எல்லாக் குண்டுகளும் கருஞ்சாம்பலாகப் பளபளக்கின்றன. துண்டில் போட்டு உருட்டி, ஒட்டாத பொடியைத் துடைத்துவிட வேண்டும். கையுறை போட மறந்தால் விரலெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது!

அந்தப் பொடியின் பெயர் மாலிப்டினம் டைசல்பைடு. சுடும் களத்தில் செல்லமாக ‘மாலி’. 1990களில் அமெரிக்கப் போட்டிக் களங்களை ஆட்டிப்படைத்த பொடி இது! அந்தக் காலத்துப் பிரபலமான முறை ஒன்றில் மாலிக்கு மேல் இன்னொரு பூச்சும் உண்டு: கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுப்பது. கார் பாலிஷிலும் மிட்டாய்களின் பளபளப்பிலும் இருப்பது அதே மெழுகுதான்!

இது ஏன் வழுக்குகிறது?

மாலியின் ஒவ்வொரு துகளும் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு மிக மிகக் குறைவு. லேசாகத் தள்ளினால் போதும், ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு ஓடும்!

பென்சில் கரியான கிராஃபைட்டும் அப்படித்தானே என்கிறீர்களா? பார்வைக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இரண்டையும் ஒரே பொருள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்! 1778-ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே வந்துதான் இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்டினார்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிராஃபைட் வழுக்க வேண்டுமானால் காற்றில் ஈரம் வேண்டும்! இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின் இயந்திரங்களில் இருந்த கார்பன் பிரஷ்கள் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து தூளாகிப் போயின. காரணம், அங்கே காற்றில் ஈரமே இல்லை! மாலிக்கோ ஈரம்தான் எதிரி. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அது இன்னும் அருமையாக வழுக்கும்!

அதனால்தான் விண்கலங்களின் அசையும் பாகங்களுக்கு எண்ணெய்க்குப் பதில் மாலி பூசுகிறார்கள். யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் இருக்கும் ஊரில் வாழும் நமக்கு இது கூடுதல் பெருமை தரும் சேதி அல்லவா!

லாரியில் தொலைந்த பூச்சு, வியாழனில் வெடித்த சிக்கல்!

நாசாவின் கலிலியோ விண்கலம் 1989 அக்டோபரில் வியாழனை நோக்கிக் கிளம்பியது. 1991 ஏப்ரலில் அதன் பெரிய ஆன்டெனாவைக் குடை விரிப்பதுபோல் விரிக்கக் கட்டளை போனது. விரியவில்லை! மோட்டார் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. சில கம்பிகள் ஒட்டிக்கொண்டு விலக மறுத்தன.

காரணம் என்ன தெரியுமா? கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே அந்த ஆன்டெனாவை லாரியில் ஏற்றி அங்குமிங்கும் கொண்டுபோனார்கள். அந்தக் குலுக்கலில் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் மேல் இருந்த உலர் பூச்சு உதிர்ந்துபோய்விட்டது! அதுவும் மாலி வகைப் பூச்சுதான்! பூச்சு போன இடத்தில் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசி, கவ்விக்கொண்டன. பெரிய ஆன்டெனா கடைசிவரை திறக்கவே இல்லை. சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டுதான் கலிலியோ வியாழனின் படங்களை மெல்ல மெல்ல அனுப்பியது!

தோட்டாவிலும் இதே ஆபத்து உண்டு. குண்டின் செம்பு உறையும் தோட்டாவின் பித்தளைக் கழுத்தும் வருடக்கணக்கில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தால், தாமாகவே பற்றிக்கொள்ளும். ஒரு தோட்டா லேசாக விடும், அடுத்தது பிடிவாதம் பிடிக்கும். ஒரே சீர் எங்கிருந்து வரும்? நடுவில் ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை!

அரூர்ப் பக்கம் ஒரு புதையல்!

மாலி எங்கோ அமெரிக்காவிலிருந்து வருவது என்றுதானே நினைத்தீர்கள்? இந்தியாவில் மாலிப்டினம் தாது இருப்பதாகக் கணக்கில் உள்ள மாநிலங்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? தமிழ்நாட்டுக்கு! நம் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி ஊத்தங்கரை, அரூர் என்று சொந்த ஊருக்கு பஸ் ஏறும் ஆஸ்டின் டவுன் வாசகர்களே, நீங்கள் கடந்து போகும் பாறைகளுக்குள் இந்தத் தாது படிந்திருக்கிறது! ஊத்தங்கரை–அரூர் வட்டாரத்தைப் புவியியலாளர்கள் மாலிப்டினம் பட்டை என்றே குறிப்பிடுகிறார்கள். பாறையில் கிடைக்கும் அந்தத் தாது வேறு எதுவுமில்லை, குண்டில் பூசுகிற அதே மாலிப்டினம் டைசல்பைடுதான்!

வழுக்கினால் வேகம் கூடும்தானே? இல்லை, குறையும்!

இது பலரையும் தலைசுற்ற வைக்கும் சேதி. பூச்சு பூசிய குண்டை, வெடிமருந்தின் அளவை மாற்றாமல் சுட்டால், அது பூச்சில்லாத குண்டைவிட மெதுவாகப் போகும்!

எப்படி? குண்டு குழலுக்குள் நுழையும்போது எதிர்ப்புக் காட்டினால்தான் பின்னால் வாயு அடைபட்டு அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். பூச்சுக் குண்டோ சட்டென்று வழுக்கி முன்னே ஓடிவிடுகிறது. வாயுவுக்கு விரிய இடம் கிடைத்துவிடுகிறது. அழுத்தம் குறைகிறது, வேகமும் குறைகிறது! பூச்சை வேகத்துக்காகத் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார்.

ஒரு தடவல், ஒரு சாம்ராஜ்யத்தின் நடுக்கம்

குண்டுக்குப் பூசும் பொருள் ஒரு நாட்டின் வரலாற்றையே புரட்டிப்போட்டது நம் இந்தியாவில்தான்!

என்ஃபீல்டு 1853 மாதிரி ரைஃபிளின் தோட்டா காகிதத்தால் ஆனது. குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தில் கொழுப்புத் தடவியிருக்கும். ஏன்? கரித்தூள் படிந்த குழலுக்குள் குண்டு சிக்காமல் இறங்க! தோட்டாவை வாயால் கடித்துத் திறந்து மருந்தைக் கொட்ட வேண்டும். அந்தக் கொழுப்பு பசுவுடையது, பன்றியுடையது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் கிளம்பியது. அதிகாரிகள் பதறிப்போய், ‘தோட்டாவில் எதுவும் தடவாமலே தருகிறோம், மெழுகும் எண்ணெயும் நீங்களே கலந்து தடவிக்கொள்ளுங்கள்’ என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்பது? மார்ச் 29-ம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். அதன் பிறகு நடந்ததைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்!

எழுந்தது வங்காள ராணுவம். 1780-ல் பிறந்த மெட்ராஸ் சாப்பர்ஸை உள்ளடக்கிய சென்னை ராணுவம் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. பெங்களூரு கண்டோன்மென்ட்டில் தமிழ்க் குரல் ஒலிக்கத் தொடங்கியதே அந்தச் சென்னை ராணுவத்தோடுதான்! இன்றும் அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ஜவான்களுக்குத் ‘தம்பி’ என்றுதான் பெயர்!

அந்த ரைஃபிளுக்குப் பெயர் தந்த இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊர்தான், நம் தெருவில் டுக்டுக்கென்று ஓடும் பைக்குக்கும் பெயர் தந்தது, தெரியுமா?

அதே டம்டமில் 1890களில் இன்னொரு விபரீதம்! குண்டின் மூக்கில் மட்டும் உலோக உறையை மூடாமல் விட்டார்கள். உடலுக்குள் போனதும் விரிந்து கொடூரமான காயத்தை உண்டாக்கும் ‘டம்டம் குண்டு’ அப்படித்தான் வந்தது. 1899-ல் ஹேக் மாநாடு இந்த வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. அந்தக் குண்டைப் பற்றி ஒரு புத்தகத்தில் எழுதிய இளம் ராணுவ அதிகாரி யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில்! எழுதிய ஊர்? பெங்களூரு! ரெசிடென்சி ரோடு பெங்களூர் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் கடன் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது!

மகாராணி சுட்ட முதல் குண்டு

1860 ஜூலை 2. லண்டனை அடுத்த விம்பிள்டன் வெளி. பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி. 400 கெஜ தூரத்து இலக்கை நோக்கித் தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிள். விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பதிந்தது!

அந்த ரைஃபிளின் குழல் வட்டம் அல்ல, அறுகோணம்! குண்டும் ஆறு பட்டை! அந்தக் காலத்து நெடுந்தூரக் குண்டுகளுக்குப் பூச்சு என்ன தெரியுமா? காகிதம்! ஈயக் குண்டின் மேல் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி ஒட்டுவார்கள். குழலைவிட்டு வெளியே வந்ததும் காகிதம் துணுக்குகளாகக் கிழிந்து பறந்துவிடும்!

புகையில்லா மருந்து வந்ததும் காகிதக் காலம் முடிந்தது. வேகம் ஏறியதும் ஈயம் குழலுக்குள்ளேயே வழித்துக்கொண்டு ஒட்டியது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882-ல் ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டுப் பார்த்தார். இன்றைய எல்லா நெடுந்தூரக் குண்டுக்கும் அதுதான் வழிகாட்டி! இன்று சட்டையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பு, மீதி துத்தநாகம்.

ஈயம் போய்ச் செம்பு வந்தது. குழலில் ஒட்டுவது நின்றதா? இல்லையே! இப்போது செம்பு ஒட்டியது! வெள்ளைத் துணித் துண்டில் அமோனியா கலந்த திரவம் தொட்டு, நீளக் கம்பியில் செருகிக் குழலுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். வெளியே வரும்போது துணி நீலமாக மாறியிருக்கும்! நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செம்பு உள்ளே படிந்திருக்கிறது என்று அர்த்தம். பூச்சின் பெரிய வேலை இந்த நீலத்தைக் குறைப்பதுதான்!

வெள்ளீயத்தின் விஷமம்

முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் செம்புப் படிவுக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பீரங்கி மருந்தோடு கொஞ்சம் வெள்ளீயத் தகடு! சுட்டதும் அது உருகிச் செம்போடு சேர்ந்து, அதை உதிர வைத்துவிட்டது!

அடடா, நல்ல யோசனை என்று அமெரிக்கர்கள் 1921 தேசியப் போட்டிக்குக் குண்டின் மேலேயே வெள்ளீயம் பூசினார்கள். என்ன ஆயிற்று? வெள்ளீயம் தோட்டாவின் கழுத்தோடு பற்ற வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது! போதாக்குறைக்குச் சில போட்டியாளர்கள் பழைய வழக்கப்படி குண்டைக் கிரீஸில் முக்கிச் சுட்டார்கள். இரண்டும் சேர்ந்து அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிப் பெரிய ஆபத்தில் முடிந்தது. தோட்டாவில் கிரீஸ் தடவுவதையே தடை செய்ய வேண்டியதாயிற்று! குண்டின் மேல் எதைத் தடவினாலும் நல்லதுதான் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

நீலகிரியில் வாசலின்!

ஊட்டி மலை ரயிலில் போகும்போது குன்னூரைத் தாண்டி அரவங்காடு நிலையம் வருமே, அங்கே இருப்பது பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்பது புகையில்லா வெடிமருந்து. 1889-ல் காப்புரிமை பெற்ற இதன் முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு. மீதி 5 பங்கு? பெட்ரோலியம் ஜெல்லி! உதடு வெடித்தால் தடவுகிறோமே, அந்த வாசலின் வகைதான்!

வெடிமருந்தில் வாசலின் எதற்கு? குண்டு போகும் வழியில் குழலுக்கு ஒரு வழுவழுப்புக் கிடைக்கட்டும் என்றுதான் முதலில் சேர்த்தார்கள்! பிறகு பார்த்தால், மருந்து கெடாமல் காப்பதில்தான் அது கெட்டிக்காரத்தனம் காட்டியது!

இன்றைய ரைஃபிள் மருந்தின் ஒவ்வொரு மணிக்கும்கூடக் கிராஃபைட் பூசியிருக்கும். நிலைமின்சாரம் சேராமலும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சரளமாகக் கொட்டவும் இந்த ஏற்பாடு. கிராஃபைட்டுக்குப் பெயர்போன சிவகங்கைச் சீமையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கமே இருக்கிறது, தெரியுமா?

முகப்பவுடரில் இருப்பது குண்டிலும்!

மாலிக்கு ஒரு வெள்ளைக்காரப் போட்டியாளர் வந்திருக்கிறார். பெயர் அறுகோண போரான் நைட்ரைடு. சுருக்கமாக ‘எச்.பி.என்.’. நிறம் பால் வெள்ளை! 1842-லேயே வேதியியலாளர் பால்மெய்ன் இதைத் தயாரித்துவிட்டார். இன்று எங்கே இருக்கிறது? லிப்ஸ்டிக்கில், முகப்பவுடரில்! தோலில் பட்டுப்போல் வழுக்கிப் பரவுவதற்காகச் சேர்க்கிறார்கள். அதே வழுக்கலுக்காகத்தான் நெடுந்தூரக் குண்டின் மேலும் ஏற்றுகிறார்கள்!

சூட்டைத் தாங்குவதில் இது மாலியை ஊதித் தள்ளிவிடும். காற்றில் மாலி ஏறக்குறைய 400 டிகிரியிலேயே கெடத் தொடங்கும். எச்.பி.என். 900 டிகிரியிலும் கலங்காது! கையில் கறுப்பும் ஒட்டாது. ஆனால் பூசிய குண்டு விரலுக்குள் நிற்காமல் நழுவும் அளவுக்கு வழுக்கும்!

மூன்றாவதாக டங்ஸ்டன் டைசல்பைடு. மாலியின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். மாலியைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும்.

கொல்ஹாப்பூரின் குறி

பிரிட்டனின் பிஸ்லி மைதானத்தில் காமன்வெல்த் நாட்டு அணிகள் மோதும் புகழ்பெற்ற ரைஃபிள் கோப்பை ஒன்று உண்டு. தூரம் 300, 500, 600 கெஜம். அதன் பெயர்? கொல்ஹாப்பூர் கோப்பை! 1871 முதல் கொல்ஹாப்பூரின் மராட்டிய அரசர் பெயரால் நடக்கிறது!

அந்த மண்ணின் ராசியைப் பாருங்கள். 2010-ல் மியூனிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் 600-க்கு 597 எடுத்து உலகச் சாம்பியன் ஆன தேஜஸ்வினி சாவந்த் எந்த ஊர்? கொல்ஹாப்பூர்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே? அதே கொல்ஹாப்பூர் மாவட்டம்! அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது!

50 மீட்டரில் சுடும் .22 குண்டுக்கு உறையே கிடையாது, தெரியுமா? பச்சை ஈயம்! எடை வெறும் இரண்டரை கிராம் சொச்சம். அதன் மேல் மெழுகும் கொழுப்பும் கலந்த ஒரு மெல்லிய படலம். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். கீழே விழுந்து மண் ஒட்டினால் அந்தத் தோட்டாவைப் போட்டியில் யாரும் தொட மாட்டார்கள்!

வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். நொடிக்கு 330 மீட்டருக்குள்! ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்ப அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தள்ளாடும். தாண்டாமலே இருந்துவிட்டால் தள்ளாட்டமே இல்லை!

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனால் தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் ‘லாட்’ எண் மாறினால், குண்டுகள் ஒன்றுகூடும் ‘குரூப்பிங்’கே மாறிவிடும்! அதனால் உலகத் தரத்து வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தோட்டா தயாரிக்கும் நிறுவனத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே பேரலை, அதாவது குழலை, அசையாமல் இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு லாட்டாகச் சுட்டுப் பார்ப்பார்கள். எந்த லாட் சின்ன வட்டத்துக்குள் கூடுகிறதோ, அதை ஒரு சீசனுக்கு வேண்டிய அளவு மொத்தமாக வாங்கிவிடுவார்கள்!

பிராண்டை மாற்றினால் இன்னொரு கூத்து. பழைய மெழுகுப் படலம் பேரலுக்குள் இருக்க, புதிய மெழுகு வந்து மோதும். முதல் சில ஷாட்டுகள் எங்கெங்கோ போகும். பிறகு புதிய படலம் படிந்து, குண்டுகள் தாமாகவே ஒன்றுகூடும்! ‘தம்பி, மாத்தி மாத்திப் போடாதே, பேரல் குழம்பிடும்’ என்று கோச்சுகள் சொல்வது இதனால்தான்.

பெங்களூரு காற்றே தனி!

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் சென்னையைவிட இங்கே காற்று ஏறக்குறைய 8 சதவீதம் லேசு. ஒரே தோட்டா, ஒரே ரைஃபிள், ஒரே தூரம். ஆனாலும் நெடுந்தூரத்தில் சென்னையில் விழும் இடத்தைவிட பெங்களூரில் மேலே விழும்!

பூமி சுழல்வதும் கணக்கில் வரும். வட அரைக்கோளத்தில் 1,000 கெஜத்துக்குள் குண்டு வலப்பக்கம் விலகும். நம் பெங்களூரில் சுமார் 2 சென்டிமீட்டர். டெல்லியில் அதைப்போல இரண்டு மடங்கு!

சரி, எதைப் பூசுவது?

இவ்வளவு படித்த பிறகு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பூச்சினால் மட்டும் குண்டு துல்லியமாகிவிடாது! நல்ல குண்டை நல்லபடி நீடிக்க வைப்பதுதான் பூச்சின் வேலை. பேரலைச் சுத்தம் செய்யாமல் கூடுதல் ஷாட்டுகள் சுடலாம், கடைசி ஷாட்டும் முதல் ஷாட்டின் வேகத்தை ஒட்டியே இருக்கும். லாபம் அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க நீளும் போட்டியில் அந்த ‘அவ்வளவுதான்’ தங்கத்தையும் வெண்கலத்தையும் பிரிக்கும்!

மாலி மலிவு, நன்றாகப் பிடிக்கும், பல வருட அனுபவமும் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் கறை, கூடவே ஈரப் பயம்! மாலி படிந்த பேரலைத் துடைக்காமல் மழைக்காலத்தில் அப்படியே விட்டால் துருப்பிடித்துவிடும் என்று பழைய கைகள் எச்சரிக்கிறார்கள். ஜூனிலிருந்து அக்டோபர்வரை நனையும் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியுமா? எச்.பி.என். சுத்தம், சூட்டுக்கு அஞ்சாது. ஆனால் அளவுக்கு மிஞ்சிப் பூசினால் தோட்டாக் கழுத்தில் பிடிப்பே மாறிவிடும். டங்ஸ்டன் வகை இரண்டுக்கும் நடுவில். பூச்சே வேண்டாம் என்று சொல்லி ஜெயித்துக்கொண்டிருக்கும் உலகத் தரத்து வீரர்களும் உண்டு!

என் தீர்ப்பு இதுதான். முதலில் பூச்சில்லாமல் சுட்டு, வேகமானியில் ஒவ்வொரு ஷாட்டின் வேகத்தையும் குறித்து வையுங்கள். ஏற்ற இறக்கம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். ஷாட் ஏற ஏற வேகம் அலைபாய்ந்து, துணியில் நீலம் அடர்த்தியாக வந்தால் மட்டும் பூச்சுக்குப் போங்கள். பெங்களூரு ஈரத்துக்கு என் ஓட்டு எச்.பி.என்.-னுக்கே. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தப் பேரலில் கடைசிவரை அதுதான். கலக்காதீர்கள்!

துப்பாக்கியும் தோட்டாவும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருபவை. உரிமம், அங்கீகாரம் பெற்ற ரேஞ்ச், கோச்சின் மேற்பார்வை, இவை மூன்றும் இல்லாமல் எதையும் தொடவே கூடாது.

ஆஸ்டின் டவுன் பிள்ளைகள் தொடங்க வேண்டிய இடம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகின் முதலிடத்தைப் பிடித்தது அதில்தான்! சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் அதில்தான்! அந்த இலக்கின் பத்து மதிப்பெண் புள்ளி எவ்வளவு பெரிது தெரியுமா? அரை மில்லிமீட்டர்!